உயிரோடு இருந்தவருக்குச் செய்த கருமாதி

ஒனிஹங்கா, ஆக்லாந்து
11 ஜூன் 2024

தம்பி சுந்தரத்துக்கு, மாரிசாமி அண்ணன் எழுதுவது.

உயிரோடு இருந்த மனிதருக்கு நம் குடும்பம் கருமாதி செய்தது. அவர் என் பூட்டன் சிவனணைந்தான். செய்தவர் அவருடைய உடன்பிறந்த தம்பி, உன் பூட்டன் சுடலைமுத்து. 1914ஆம் வருஷம் வைக்கோலில் உருவம் கட்டிக் கொள்ளி வைத்தார்கள். பதினாறாம் நாள் என் பூட்டி ரத்தினம்மாளின் தாலியை இறக்கினார்கள். அவளுக்கு வயது இருபத்தெட்டு. என் தாத்தா பதினோரு வயதுப் பையன். மொட்டை அடித்து, உயிரோடு இருந்த தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விடவைத்தார்கள்.

இது இதுவரை வாய்ப்பேச்சு. இப்போது என்னிடம் காகிதம் இருக்கிறது.

சிவனணைந்தான் 1907இல் தூத்துக்குடியில் கப்பல் வேலைக்கு ஏறியவர். அமெரிக்காவில் ஆரகன் என்ற மாநிலத்தில் இறங்கி, ஆற்றங்கரையில் ஒரு மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தார். இறந்தது 9 மார்ச் 1931, நுரையீரல் காய்ச்சல். பிறந்த ஊர் தூத்துக்குடி என்று சாவுப் பதிவில் தெளிவாக இருக்கிறது. அதாவது நாம் கொள்ளி வைத்த பிறகு பதினேழு வருஷம் அவர் மரம் அறுத்துக்கொண்டிருந்தார்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு வருஷம் ஆனது. இங்கே ஒனிஹங்கா லைப்ரரியில் ஜன்னல் ஓரத்துக் கம்ப்யூட்டர் என்னுடையது மாதிரி ஆகிவிட்டது. மருமகள் கம்சாயினி இரண்டு நாள் காட்டிக்கொடுத்தாள். மீதியை நானே படித்துக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு நின்ற வயர்மேன் என்று உன் அப்பா என்னைச் சொல்வார். வாத்தியார் வீட்டுக்காரர்கள் யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்.

செய்தி கிடைத்த அன்றே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். தொண்ணூற்று மூன்று வருஷம் கழித்துக் கேட்டாலும் சாவுச் செய்தி சாவுச் செய்திதான். நீயும் பங்காளி. குளித்துவிடு.

ஒரே ஒரு கேள்வி. 1913இல் அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தபால்காரர் உன் பூட்டன் கையில் கொடுத்ததை என் தாத்தா கண்ணால் பார்த்தவர். அந்தக் கடிதம் எங்கே?

போனில் கேட்கலாமே என்பான் உன் மகன். போனில் சொன்னதை மறுநாள் இல்லை என்று சொல்லிவிடலாம்.

எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் உடம்பு எப்படி என்று எழுது.

மாரிசாமி

*

தூத்துக்குடி
8 ஜூலை 2024

மதிப்புக்குரிய அண்ணனுக்கு, தம்பி சுந்தரம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. படித்ததும் குளிக்கப் போனேன். அன்றைக்குப் பார்த்துக் குழாயில் தண்ணீர் இல்லை. கடற்கரைக்குப் போய் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு வந்தேன். மருமகள் தாரிணி, "யாரு மாமா தவறிட்டாங்க?" என்று பதறிவிட்டாள். சொன்னேன். தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

அவர் என்றைக்குப் போய்ச் சேர்ந்தார் என்பது எங்கள் வீட்டிலும் யாருக்கும் தெரியாது. ஒரு தேதி கிடைத்ததே, அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவரை எரித்தார்களா, புதைத்தார்களா என்று அந்தக் காகிதத்தில் இருக்கிறதா? பக்கத்தில் நம் ஆட்கள் யாராவது இருந்திருப்பார்களா?

நல்ல செய்தி ஒன்று. நம் சாஸ்தா கோயில் திருப்பணி முடியப்போகிறது. வருகிற தை 27, ஞாயிற்றுக்கிழமை கும்பாபிஷேகம். முன்மண்டபத்தில் நம் எட்டு வீட்டு முன்னோர்களின் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டி வைக்கத் தீர்மானித்திருக்கிறோம். அந்த வேலையை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். முதலில் உங்கள் பூட்டன் பெயர், அடுத்தது என் பூட்டன் பெயர். அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில். நீங்கள் சொன்ன தேதியையும் சேர்த்துவிடுகிறேன்.

நீங்கள் கட்டாயம் வர வேண்டும். நாம் பார்த்துப் பதினொரு வருஷம் ஆகிவிட்டது. எனக்கு வயசுக்குரிய சில்லறைத் தொந்தரவுகள்தான், வேறொன்றும் இல்லை. உங்கள் சர்க்கரையைக் கவனித்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் வெற்றிக்கும் கம்சாயினிக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு உங்கள் தம்பி
சுந்தரம்

*

ஒனிஹங்கா
5 ஆகஸ்ட் 2024

சுந்தரத்துக்கு,

நான் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம்.

புதைத்திருக்கிறார்கள். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அரசாங்கம் எழுதிவைப்பதில்லை.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டது ஒரு கேள்வி. அதற்கு அதில் ஒரு வரிகூடப் பதில் இல்லை. கடிதம் எங்கே?

கல் விஷயம். சிவனணைந்தான் பெயரும் 1931 என்ற வருஷமும் இருக்கட்டும். சுடலைமுத்து பெயர் அந்தக் கல்லில் ஏறக் கூடாது. அண்ணனை உயிரோடு எரித்துவிட்டு, அந்த அண்ணன் பக்கத்திலேயே சாமி சந்நிதியில் நிற்க அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? எதற்காகச் செய்தார் என்று ஊருக்கே தெரியும். அண்ணன் செத்தால் வீட்டின் முன்கட்டு தம்பிக்கு. நாங்கள் மூன்று தலைமுறை பின்கட்டில், சாக்கடை ஓரத்தில் இருந்தோம். மழை பெய்தால் என் அப்பா கட்டிலுக்கு அடியில் செங்கல் வைப்பார். உன் அப்பா முன்கட்டில் இருந்து படித்து வாத்தியார் ஆனார்.

ரத்தினம்மாள் ஐம்பத்து நான்கு வயதுவரை வெள்ளைச் சேலையில் இருந்தாள். கல்யாண வீட்டில் பின்வாசல் வழியாக நுழைந்து, பின்வாசல் வழியாகவே வெளியே போனாள். அதில் பதினேழு வருஷம் அவள் புருஷன் உயிரோடு இருந்தார். இதை நான் விடமாட்டேன்.

இங்கே குளிர்காலம். மனுகாவு துறையிலிருந்து அடிக்கிற காற்று சட்டைக்குள் புகுந்து வெளியே போகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

மாரிசாமி

*

தூத்துக்குடி
9 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே குளிர் என்று எழுதியிருந்தீர்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

பின்கட்டில் நீங்கள் பட்டதெல்லாம் எனக்குத் தெரியும். செங்கல் வைத்ததை நானும் பார்த்திருக்கிறேன். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

பதில் எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். கடைசியில் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்ள மட்டும்தான் முடிகிறது. இரண்டு பெயரும் கல்லில் இருக்கட்டும். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் கிரேன் ஓட்டினேன், யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. உங்களிடம் கேட்கிறேன்.

கல் தச்சர் ஐப்பசியில் வேலை தொடங்குகிறார். அதற்குள் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள்
சுந்தரம்

*

ஒனிஹங்கா
4 அக்டோபர் 2024

சுந்தரத்துக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. அது வருவதற்கு முன்பே எனக்கு இன்னொரு காகிதம் கிடைத்துவிட்டது. நகல் வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் படி.

1918 செப்டம்பரில் சண்டைக்காக அமெரிக்க அரசாங்கம் ஆண்களையெல்லாம் பதிவு செய்தது. இது சிவனணைந்தானின் பதிவு அட்டை. அடியில் அவர் கைநாட்டு வைக்கவில்லை, தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கம்ப்யூட்டரில் அதைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த சமோவாக்காரர் என்னவோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அட்டையில் 'நெருங்கிய உறவினர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் யார் பெயர் தெரியுமா? சுடலைமுத்து, தம்பி, தூத்துக்குடி.

கம்சாயினி பக்கத்தில் இருந்து பார்த்தாள். அவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மனதில் பட்டதைக் கேட்டுவிடுவாள்.

"மாமா, மனிசி உயிரோட இருக்கேக்க அவவின்ர பேரைப் போடாமல் ஏன் தம்பியின்ர பேரைப் போட்டவர்?"

"வெள்ளைக்காரக் குமாஸ்தா முன்னாடி பெண்டாட்டி பேரைச் சொல்ல எங்க ஆளுங்க கூசுவாங்கம்மா. நான் உங்க மாமியை ஒரு நாளாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பேனா?"

"அது எனக்குத் தெரியாது மாமா. ஆனா இது அரசாங்கத்துப் பேப்பர் எல்லோ."

"உனக்கு எங்க வழக்கம் தெரியாது. விடு."

விட்டுவிட்டாள். உனக்குத்தான் விளங்க வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன்பே தன்னைச் சாகடித்த தம்பியை, அது தெரியாமல், தன் நெருங்கிய உறவு என்று அந்நிய அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் நம்பியது அவனை. அவன் செய்தது இதை.

ஏன் என்று கேட்காதீர்கள் என்கிறாய். கேட்பேன். ஐப்பசி முடிவதற்குள் சுடலைமுத்து பெயரை எடுத்துவிட்டேன் என்று நீ எழுத வேண்டும். இல்லாவிட்டால் இந்த அட்டையின் நகலோடு மற்ற ஆறு பங்காளி வீடுகளுக்கும் நானே எழுதுவேன்.

மருந்தெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

மாரிசாமி

*

தூத்துக்குடி
14 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

அட்டையைப் பார்த்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது. அதைப் படம்போட்டுச் சுவரில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

மற்றது உங்கள் இஷ்டம். கும்பாபிஷேகத்துக்கு வாருங்கள்.

சுந்தரம்

*

ஒனிஹங்கா
9 டிசம்பர் 2024

சுந்தரத்துக்கு,

இஷ்டம் என்று எழுதினாய். செய்தேன் என்று எழுதவில்லை. அதனால் ஆறு வீட்டுக்கும் கடிதம் போய்விட்டது. போன திங்கட்கிழமை தபாலில் சேர்த்தேன். நடந்ததை வரிசையாக எழுதி, கீழே, 'அண்ணனுக்குத் துரோகம் செய்தவன் பெயர் உள்ள கல்லை நான் கும்பிட வரமாட்டேன்' என்று முடித்திருக்கிறேன்.

வெற்றிக்கு இதில் இஷ்டமில்லை. மங்கரேயில் விமானச் சரக்குக் கிடங்கில் வேலை முடிந்து வந்தவன், மேஜையில் ஆறு உறைகளைப் பார்த்தான்.

"அப்பா, நூறு வருஷத்துக்கு முந்தின பஞ்சாயத்து. சித்தப்பா என்ன பண்ணுவாரு பாவம்?"

"பெயரை எடுக்கச் சொல்லு, முடிஞ்சுது."

"எடுத்தா செத்தவங்க எந்திரிச்சு வந்து தாங்க்ஸ் சொல்வாங்களா?"

"நீ சாப்பாட்டைப் பாரு."

அவன் உறைகளைத் தள்ளிவைத்துவிட்டு அந்த இடத்தில் தட்டை வைத்துச் சாப்பிட்டான். மறுநாள் ஸ்டாம்ப் ஒட்டுவதற்குக் கம்சாயினியைக் கூப்பிட்டேன். எனக்கு அலுவல் கிடக்கு மாமா என்று போய்விட்டாள். ஆறு உறைக்கும் நானே ஒட்டினேன்.

நான் தனியாக நிற்கிறேன் என்று நினைக்காதே. ரத்தினம்மாள் பக்கம் நிற்க ஒருவனாவது வேண்டும்.

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எழுத்து கோணலாக இருக்கிறது.

மாரிசாமி

*

தூத்துக்குடி
20 ஜனவரி 2025

அண்ணனுக்கு, தம்பி சுந்தரம்.

உங்கள் கடிதம் ஆறு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. இரண்டு வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். ஒருவர் என்னிடமே கொண்டுவந்து, இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். படித்துச் சொன்னேன்.

நேற்றுக் கல் கோயிலுக்கு வந்து சேர்ந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே வெட்டியிருக்கிறார்கள். சிவனணைந்தான், 1931. சுடலைமுத்து பெயர் இல்லை. கல்லின் படத்தை என் மகன் உங்கள் வெற்றிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் வருவதற்குத் தடை ஏதும் இல்லை. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்தக் கடிதம் அதற்குள் வராது என்று தெரியும். ஆனால் படம் இன்றைக்கே வந்துவிடும்.

இங்கே எல்லோரும் சுகம்.

சுந்தரம்

*

தூத்துக்குடி
24 பிப்ரவரி 2025

பெரிய மாமாவுக்கு, சுந்தரம் மாமாவின் மருமகள் தாரிணி எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் எழுதுவது மாமாவுக்குத் தெரியாது.

கும்பாபிஷேகம் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் வருவீர்கள் என்று மாமா முதல்நாள் சாயங்காலம்வரை உங்களுக்கு ஒரு அறையைக் காலியாக வைத்திருந்தார்கள். படம் கிடைத்த பிறகும் நீங்கள் ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. அது உங்களுக்கும் அவருக்கும்.

கல்லைத் திறந்ததும் எல்லோரும் போய்ப் படித்தார்கள். வடக்கு வீட்டுப் பெரியவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்னவே சுந்தரம், உம்ம பூட்டனை நீரே தூக்கிட்டீரு? அப்ப எழுதினதெல்லாம் நெசந்தானா?"

மாமா சிரித்துக்கொண்டே, "கல்லு பத்தலவே" என்றார்கள்.

"பத்தலயா? கீழ ஒரு சாண் சும்மா கெடக்கு."

"அது உமக்கு விட்டுவச்சிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "அந்த மனுஷனை ரெண்டாவது தடவையும் நாங்களே பலி குடுத்துட்டோம்மா" என்றார்கள். அப்போதுதான் எனக்குச் சொன்னார்கள்.

நீங்கள் கேட்ட கடிதம் இந்த வீட்டில் இருக்கிறது. ஒன்று அல்ல, இரண்டு. அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் நாலு தலைமுறையாக இருக்கின்றன. வரிக்கு வரி பார்த்து எழுதுகிறேன்.

முதல் கடிதம், 1913:

'தம்பி சுடலைமுத்துவுக்கு ஆசீர்வாதம். இவ்விடம் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும். நிற்க. பையனை மட்டும் கொழும்பில் கப்பலேற்றி அனுப்பவும். கூட்டிவர நம்பிக்கையான ஆள் அங்கே இருக்கிறார். இங்கே பள்ளிக்கூடத்தில் வைத்து ஆளாக்குவேன். அவளுக்கு இந்தக் குளிர் ஆகாது. அவள் விஷயம் பிற்பாடு யோசிப்போம். தகப்பன் உத்தரவு என்று சொல்லி அனுப்பிவைக்கவும்.'

ரத்தினம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கொழுந்தனார் படித்துக் காட்டினார். இரண்டு நாள் அவர்கள் அடுப்புப் பற்றவைக்கவில்லையாம். மூன்றாம் நாள் அடுப்படி வாசலில் நின்று சொன்னார்களாம்: "தகப்பன்னு ஒருத்தர் இருந்தாத்தான பிள்ளையைக் கேப்பாரு. அவருக்குக் கொள்ளி வச்சிருங்க." கொழுந்தனார் மாட்டேன் என்றதற்கு, "அப்ப நானும் பிள்ளையும் கிணத்துல கெடப்போம், ரெண்டு கொள்ளியா வைங்க" என்றார்களாம். ஆறு மாதம் போராடிப் பார்த்துவிட்டுத்தான் அவர் சம்மதித்தார். தாலியை யாரும் இறக்கவில்லை. பெண்கள் கை வைப்பதற்கு முன்பே அவர்களே கழற்றிப் பால் செம்பில் போட்டார்கள்.

சுடலைமுத்து தன் அண்ணனுக்கு உண்மையை எழுதிவிட்டார். அதற்கு வந்தது இரண்டாவது கடிதம், 1915:

'தம்பிக்கு. உன் காகிதம் கிடைத்தது. அவள் செய்தது சரி. பையன் அவளிடமே இருக்கட்டும். நான் செத்தவனாகவே இருந்துகொள்கிறேன். இது அவள் பிள்ளைக்கும், அவன் பிள்ளைகளுக்கும் ஒருநாளும் தெரிய வேண்டாம். பழி வந்தால் நீ பொறுத்துக்கொள்.'

பழி வந்தது. பத்து வருஷம் கழித்து ஒரு மாலுமி ஊருக்கு வந்து, அவர் அமெரிக்காவில் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னான். முன்கட்டுக்கு ஆசைப்பட்டு அண்ணனைச் சாகடித்தவன் என்று ஊர் பேசியது. ரத்தினம்மாளும் அந்தப் பேச்சைக் கேட்டார்கள். இல்லை என்று அவர்களும் சொல்லவில்லை. பையனுக்கு மீசை முளைத்திருந்தது. கூப்பிட்டால் கப்பலேறிவிடுவான் என்ற பயமோ என்னவோ.

பின்கட்டை உங்கள் வீட்டார் எடுத்துக்கொண்டதும் ரத்தினம்மாள் கேட்டுத்தான். முன்கட்டில் இருந்தால் தபால்காரர் வருவது பையன் கண்ணில் படும் என்றார்களாம்.

மாமாவின் அப்பா சாகும்போது டப்பாவை மாமா கையில் கொடுத்து, மாரிசாமி வீட்டுக்கு இது தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கினார்களாம். நான் இந்த வீட்டில் பிறந்தவள் இல்லை. என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை.

மாமாவுக்கு ஒரு வருஷமாகக் கை நடுக்கம். உங்களுக்கு எழுதியவற்றை எல்லாம் இரண்டு மூன்று தடவை அடித்து அடித்து எழுதினார்கள். போன மாதத்திலிருந்து பேனா பிடிக்க முடியவில்லை. இனி உங்களுக்கு அவர்களிடமிருந்து கடிதம் வராவிட்டால் அது கோபம் இல்லை.

வணக்கத்துடன்
தாரிணி

*

ஒனிஹங்கா
18 மார்ச் 2025

மகள் தாரிணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று நாள் லைப்ரரிக்குப் போகவில்லை.

படம் வந்த அன்று வெற்றி டிக்கெட் பார்த்தான். இருக்கிறது என்றான். நான்தான், சுந்தரம் ஒரு தடவை போன் பண்ணிக் கூப்பிடட்டும் என்றேன். இரண்டு மாதமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை யாருக்கும் காட்டமாட்டேன். டப்பாவை இருந்த இடத்திலேயே வை. உன் மாமனாருக்கு நாளைக்குத் தனியாக எழுதுகிறேன். அதை நீயே அவருக்குப் படித்துக் காட்டு. அதில் உன் பெயர் இருக்காது. ரத்தினம்மாள் பெயரும் இருக்காது.

அவர் கைக்கு யாரிடம் காட்டுகிறீர்கள்? நரம்பு டாக்டரிடம் காட்டினீர்களா? இதற்கு மட்டும் உடனே பதில் போடு.

மாரிசாமி

*

ஒனிஹங்கா
19 மார்ச் 2025

என் தம்பி சுந்தரத்துக்கு, அண்ணன் எழுதிக்கொள்வது. நான் இருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

அட்டையை நான் தப்பாகப் படித்துவிட்டேன்.

1918இல் அவர் தன் நெருங்கிய உறவு என்று தம்பி பெயரைச் சொன்னார். ஏமாந்தவனுடைய நம்பிக்கை என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். கம்சாயினி அன்றைக்கே சரியான கேள்வி கேட்டாள். வழக்கம், கூச்சம் என்று நானாக ஒரு காரணம் சொல்லி அவள் வாயை அடைத்தேன். தம்பியும் அவரும் எழுத்துத் தொடர்பில் இருந்தார்கள், நடந்தது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தே அந்தப் பெயரைச் சொன்னார் என்றும் அந்த அட்டைக்குப் பொருள் கொள்ளலாம். இப்போது அப்படித்தான் கொள்கிறேன். வேறு ஆதாரம் இருக்கிறதா என்று என்னை யாரும் கேட்க வேண்டாம். கேட்டாலும் சொல்லமாட்டேன்.

நான்கு வருஷம் படித்தேன். பக்கத்து வீட்டில் முகத்துக்கு நேராக இருந்ததைப் படிக்கவில்லை. உயிரோடு இருந்த ஒருவரைச் சாகடித்தார்கள் என்று உன் வீட்டைத் திட்டினேன். நான் செய்தது, செத்துப்போன ஒருவரைச் சந்நிதியிலிருந்து வெளியே தள்ளியது. அதையும் உன் கையாலேயே செய்யவைத்தேன்.

ஆக வேண்டியதை எழுதுகிறேன். படித்துக் காட்டுகிறவர் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளட்டும்.

கல் தச்சர் திரும்ப வர வேண்டும். கீழே சும்மா கிடக்கிற ஒரு சாணில் சுடலைமுத்து பெயரை வெட்ட வேண்டும். சிவனணைந்தானுக்கு என்ன அளவு எழுத்தோ அதே அளவு. பக்கத்தில் இருக்க வேண்டியவர் கீழே வருகிறார். அதை மாற்ற இனி வழியில்லை, அது என் தப்பு என்று அப்படியே இருக்கட்டும். யாராவது கேட்டால் மாரிசாமி செய்த கோணல் என்று சொல்லுங்கள்.

ஆறு வீட்டுக்கும் நான் மறுபடி எழுத வேண்டும். நகல் எடுத்து அல்ல, ஆறையும் கையால். மூன்று முடிந்துவிட்டது. நான் எழுதியது பிழை, சுடலைமுத்து பேரில் குற்றம் இல்லை, இவ்வளவுதான் வாசகம். அப்படியானால் குற்றம் யாருடையது என்று வடக்கு வீட்டுக்காரர் கேட்பார். என்னுடையது என்று அடுத்த கடிதம் போடுவேன். அவர் எத்தனை தடவை கேட்டாலும் அத்தனை தடவை.

கம்சாயினியிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது இன்று காலை ஆகிவிட்டது. "ஓம் மாமா, பரவாயில்லை, தேத்தண்ணி ஆறுது குடியுங்கோ" என்றாள்.

வெற்றி ஆடி அமாவாசைக்கு ஒரு வாரம் முன்பாக எனக்கு டிக்கெட் போட வேண்டும். போகவர இரண்டும் போடட்டுமா என்றான். போவதற்கு மட்டும் இப்போது போடு என்றிருக்கிறேன்.

அமாவாசையன்று எட்டு வீட்டாரும் கோயிலுக்கு வர வேண்டும். உன் மகன் அழைத்துச் சொல்ல வேண்டும். எல்லோர் முன்னாலும், கல்லுக்குப் பக்கத்தில் நின்று, நான் பேச வேண்டும். உட்கார்ந்து பேசச் சொல்லி யாரும் நாற்காலி போடக் கூடாது. பிறகு கடற்கரையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் சேர்த்து எள்ளுத் தண்ணீர் விட வேண்டும். சுடலைமுத்துவுக்கு நான் விடுகிறேன். உன் வீட்டார் சம்மதிக்க வேண்டும்.

அதற்கு முன்பு உன்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டியது உன் மகன்.

இனிக் கடிதம் எழுத வேண்டியது நான் மட்டும். பதினைந்து நாளுக்கு ஒன்று வரும். பதில் எதிர்பார்க்கமாட்டேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. உன் வீடு நூற்றுப் பதினோரு வருஷமாகச் செய்தது போதும்.

மாரிசாமி